காற்றைச் சுழற்றிக் கப்பல் ஓட்டியவர்

2022 எரிபொருள் நெருக்கடியில் சிலாபத்துக் கரையில் படகுகள் மண்ணெண்ணெய் இல்லாமல் நாட்கணக்கில் ஏறிக் கிடந்தன. சோளகக் காற்று மட்டும் ஓயாமல் வீசியது. எங்கள் பாட்டன்மார் காற்றை நம்பிப் பாய் விரித்துத் தொழிலுக்குப் போனவர்கள். இயந்திரம் வந்ததும் நாம் பாயைச் சுருட்டிவிட்டோம். இரண்டையும் சேர்த்துக் கப்பல் ஓட்டியவர் யாரும் உண்டா என்று தேடியபோதுதான் அன்டன் பிளெட்னரின் வாழ்க்கையைப் படித்தேன்.

பிளெட்னர் 1885 இல் ஜேர்மனியின் பிராங்பேர்ட் நகருக்கு அருகே பிறந்தார். கணிதமும் பௌதிகமும் கற்பித்த ஆசிரியர். முதலாம் உலகப் போர்க்கால ஆராய்ச்சிகள் அவரைப் பொறியியலின் பக்கம் திருப்பின.

சுழற்பந்து வீச்சாளரின் பந்து காற்றிலேயே விலகிப் போவதைப் பார்த்திருக்கிறோம். சுழலும் பொருளைக் காற்று பக்கவாட்டில் தள்ளுவதே காரணம். 1852 இல் இதை ஆராய்ந்த ஜேர்மன் விஞ்ஞானியின் பெயரால் இது மக்னஸ் விளைவு எனப்படுகிறது. பிளெட்னர் பந்துக்குப் பதிலாகக் கப்பலின் மேல்தளத்தில் உயரமான உருளைகளை நிறுத்தினார். பக்கக் காற்று வீசும்போது சிறிய மோட்டாரால் அவற்றைச் சுழற்றினால் கப்பல் முன்னோக்கித் தள்ளப்படும்.

1924 இல் கீல் நகரில் புக்காவ் என்ற கப்பலின் பாய்மரங்கள் அகற்றப்பட்டு, சுமார் 15 மீற்றர் உயரமான இரண்டு உருளைகள் பொருத்தப்பட்டன. பாடன்-பாடன் என்று பெயர் மாற்றப்பட்ட அதே கப்பல் அத்திலாந்திக்கைக் கடந்து 1926 மே மாதம் நியூயோர்க்கை அடைந்தது. அதே ஆண்டில் மூன்று உருளைகளுடன் பார்பரா என்ற சரக்குக் கப்பலும் கட்டப்பட்டது.

உருளைகள் வேலை செய்தன. ஆனால் எண்ணெய் மலிவாகவும் டீசல் இயந்திரம் வசதியாகவும் இருந்த காலம் அது. காற்றை மிச்சம் பிடிக்கக் கப்பல் முதலாளிகளுக்குத் தேவை இருக்கவில்லை. சில ஆண்டுகளில் உருளைகள் கழற்றப்பட்டன.

பிளெட்னர் ஹெலிகொப்டர் பக்கம் போனார். அவரது கொலிப்ரி ஹெலிகொப்டரை ஹிட்லரின் கடற்படை பயன்படுத்தியது. அவரது மனைவியோ யூதர். போர்க்காலத்தில் சுவீடனில் அடைக்கலம் பெற்றார். யூதர்களை அழித்த ஆட்சிக்காகவே அந்தக் கணவர் உழைத்தார் என்பதை மறைத்துவிட்டு அவரைப் புகழ எனக்கு மனமில்லை. போருக்குப் பின் அமெரிக்கா சென்ற அவர் 1961 இல் நியூயோர்க்கில் இறந்தார். தன் உருளைகள் மறுபடி கடலேறுவதை அவர் காணவில்லை.

2010 இல் 27 மீற்றர் உயரமான நான்கு உருளைகளுடன் ஈ-ஷிப் 1 என்ற சரக்குக் கப்பல் புறப்பட்டது. 2018 இல் மேர்ஸ்க் பெலிகன் என்ற எண்ணெய்க் கப்பலில் 30 மீற்றர் உருளைகள் இரண்டு பொருத்தப்பட்டன. ஓராண்டுப் பரிசோதனையில் எரிபொருள் 8.2 சதவீதம் மிச்சமானதாக அறிவிக்கப்பட்டது. 2050 அளவில் கப்பல்களின் நிகர உமிழ்வைப் பூச்சியமாக்க வேண்டும் என்று சர்வதேச கடல்சார் அமைப்பு 2023 இல் இலக்கு வைத்ததால், இந்த முயற்சிகளுக்கு வேகம் கூடியிருக்கிறது.

எட்டு சதவீதம் சிறிய எண்ணாகத் தெரியலாம். எண்ணெய் வாங்க டொலர் தேடி அலைந்த நாட்டுக்கு அது சிறிதல்ல. சிறிய மீன்பிடிப் படகுக்கு இந்த உருளை பொருந்தாது. இயந்திரத்துக்குத் துணையாக ஒரு பாய் பொருந்தும். நாட்கணக்கில் ஆழ்கடலில் தங்கும் நம் படகுகளில் அதைப் பரிசோதித்துப் பார்க்க அடுத்த நெருக்கடி வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.