கூட இருந்தவருக்கே கோச் பதவி: விமான விபத்தில் பலியான நூட் ராக்னியின் கதை

ஒரு பதவி காலியானால் கூட இருப்பவரை ஏற்றி விடுவதா, வெளியில் இருந்து ஆள் பிடிப்பதா? ஆபீஸ் முதல் அரசியல் கட்சி வரை எல்லா இடத்திலும் உள்ள தகராறு இது. அமெரிக்காவின் நோட்டர் டேம் பல்கலைக்கழக கால்பந்து அணியும் இதில் மாட்டிக்கொண்டு விழித்தது.

அங்கே கால்பந்து என்றால் முட்டை வடிவ பந்தை கையில் பிடித்துக்கொண்டு முட்டி மோதி ஓடுகிற ஆட்டம். அதில் கொடிகட்டிப் பறந்த கோச் நூட் ராக்னி.

தபால் ஆபீஸ் வேலை

நார்வே நாட்டின் வோஸ் என்ற ஊரில் 1888-ம் ஆண்டு மார்ச் 4-ந் தேதி பிறந்தவர். 5 வயதில் குடும்பத்தோடு சிகாகோ வந்தார். காலேஜ் படிக்க கையில் காசு இல்லை. தபால் ஆபீசில் வேலை பார்த்து பணம் சேர்த்தார். 1910-ல் நோட்டர் டேமில் சேர்ந்தபோது வயசு 22 ஆகிவிட்டது.

1913-ல் வாபாஷ் கல்லூரியில் இருந்து ஜெஸ்ஸி ஹார்ப்பரை கோச்சாக கொண்டு வந்தது நிர்வாகம். அதாவது வெளியாள். அப்போது அணியின் கேப்டன் ராக்னி. அந்த ஆண்டு பலம் வாய்ந்த ராணுவ அகாடமி அணியை அதன் சொந்த மண்ணிலேயே 35-13 என்ற கணக்கில் சாய்த்தார்கள். கஸ் டொரை பந்தை தூக்கி வீச, ராக்னி ஓடிப்போய் பிடித்த காட்சி நாடு முழுக்க பேசப்பட்டது.

கைகாட்டிய ஹார்ப்பர்

1914-ல் பட்டம் வாங்கியதும் அங்கேயே வேதியியல் லேபில் உதவியாளர் ஆனார். கூடவே ஹார்ப்பருக்கு உதவி கோச். 4 சீசன் இப்படியே ஓடியது. 1917 சீசன் முடிந்ததும் ஹார்ப்பர் கான்சாஸ் மாநிலத்தில் பண்ணை பார்க்க கிளம்பினார். போகும்போது ராக்னியைத் தான் கைகாட்டினார்.

1918 முதல் 13 சீசன். 105 வெற்றி, 12 தோல்வி, 5 டிரா. 5 சீசனில் தோல்வியும் இல்லை, டிராவும் இல்லை. 1925-ல் கொலம்பியா பல்கலைக்கழகம் அவரை இழுக்கப் பார்த்தது. போவது போல இருந்து கடைசியில் பின்வாங்கிவிட்டார்.

விமானம் நொறுங்கியது

1931-ம் ஆண்டு மார்ச் 31-ந் தேதி லாஸ் ஏஞ்சல்ஸ் நோக்கி சென்ற விமானம் கான்சாஸ் மாநிலத்தில் மர இறக்கை முறிந்து விழுந்தது. ராக்னி உள்பட 8 பேரும் பலியானார்கள். அவருக்கு வயது 43.

சீசனுக்கு சில மாதமே இருந்த நிலையில், ராக்னியிடம் ஆடி, அவருக்கே உதவி கோச்சாக இருந்த ஹங்க் ஆண்டர்சனை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். முதல் 2 சீசன் சமாளித்தார். 1933-ல் 3 வெற்றி, 5 தோல்வி, 1 டிரா. அதோடு வீட்டுக்கு போனார்.

அப்புறம் பழைய மாணவர்களையே வெளியில் இருந்து கூப்பிட்டார்கள். 1934-ல் டுகேன் பல்கலைக்கழகத்தில் இருந்து எல்மர் லேடன் வந்தார். 1941-ல் பாஸ்டன் கல்லூரியில் தலைமை கோச்சாக ஜெயித்துக் காட்டிய பிராங்க் லீகி வந்தார். லீகி 4 முறை தேசிய சாம்பியன் பட்டம் வாங்கிக் கொடுத்தார்.

ராக்னியும் ஆண்டர்சனும் ஒரே மைதானத்தில் வளர்ந்த உள்ளாட்கள் தான். ராக்னிக்கு ஹார்ப்பர் 4 வருஷம் தொழிலைக் காட்டி, கையில் ஒப்படைத்துவிட்டுப் போனார். ஆண்டர்சனுக்கு ஒப்படைக்க வேண்டிய ராக்னி உயிரோடு இல்லை என்பது குறிப்பிடத்தக்கது.