இராவதி கார்வே

மானிடவியல் அறிஞர் இராவதி கார்வே 1905ஆம் ஆண்டு பர்மாவில் பிறந்தார். அந்நாட்டு ஐராவதி ஆற்றின் பெயரே அவருக்குச் சூட்டப்பெற்றது. ஏழு வயதில் கல்விக்காகப் புனே நகருக்கு வந்தார்.

பின்னர் பெர்லினில் ஆய்வு மேற்கொண்டார். மண்டையோட்டின் வடிவத்தால் ஐரோப்பியரே அறிவில் சிறந்தவர் என்பது அவருடைய பேராசிரியரின் கருத்து. இராவதி பல மண்டையோடுகளை அளந்து பார்த்தார். இனத்திற்கேற்ற வேறுபாடு எதுவும் புலப்படவில்லை. ஆசிரியரின் கருத்துக்கு மாறாக இருந்தும், தாம் கண்டதையே அஞ்சாமல் எழுதினார்.

நாடு திரும்பிப் புனே டெக்கான் கல்லூரியில் பணியாற்றினார். குஜராத்தில் கற்கால மனிதரின் எலும்புகளை ஆராய்ந்தார். நாடெங்கும் சென்று உறவுமுறைகளையும் ஒப்பிட்டார். தெற்கில் மாமன் மகள் மணத்திற்குரியவள். வடக்கில் பல குடும்பங்களில் அவள் உடன்பிறந்தவள் முறை. இவ்வேறுபாடுகளை விளக்கி 1953இல் நூல் வெளியிட்டார். 1970இல் மறைந்தார்.

வினா: பெர்லினில் இராவதி கண்டறிந்த உண்மை யாது?