மயிலையில் சவேரியாரின் கனிவு



மறைபரப்புப் பணியின் பாதுகாவலரான புனித பிரான்சிஸ் சவேரியார் என்றதும் கோவாவும், கோட்டாறும், மணப்பாடும் நம் நினைவுக்கு வருகின்றன. அவர் நம் மயிலாப்பூரில் ஏறக்குறைய நான்கு மாதங்கள் வாழ்ந்தவர் என்பதை நம்மில் பலர் மறந்துவிடுகிறோம். ஆயிரக்கணக்கானோருக்குத் திருமுழுக்கு அளித்துச் சோர்ந்துபோன அவருடைய கைகளைப் பற்றி மறையுரைகளில் அடிக்கடி கேட்கிறோம். அவருடைய நாவைப் பற்றி, அதாவது எங்கே பேசாமல் இருந்தார், பேசவேண்டிய இடத்தில் எப்படிப் பேசினார் என்பதைப் பற்றி, இங்கே சற்றுச் சிந்திப்போம்.

சவேரியார் பிறவியிலேயே சாந்தமானவர் அல்லர். 1506-ஆம் ஆண்டு ஏப்ரல் 7-ஆம் நாள் நவார் நாட்டில் ஒரு கோட்டையில் பிறந்த பிரபு குலத்து மகன். பாரிஸ் பல்கலைக்கழகத்தில் படித்தபோது விளையாட்டிலும், பட்டம் பதவி பெறுவதிலும்தான் நாட்டம். தம் அறையில் வந்து தங்கிய புனித இஞ்ஞாசியாரை முதலில் அவருக்குப் பிடிக்கவே இல்லை, கேலி செய்தார். இஞ்ஞாசியாரோ கோபப்படவில்லை. சவேரியார் ஆசிரியரானபோது அவருடைய வகுப்புக்கு மாணவர்களைச் சேர்த்துவிட்டார், பண நெருக்கடியில் உதவினார், காத்திருந்தார். 1534-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் மோன்மார்த்ர் குன்றில் இருவரும் ஒன்றாக வார்த்தைப்பாடு கொடுத்தார்கள். பிறர் தம்மிடம் காட்டிய பொறுமையினால் வெல்லப்பட்டவர் அவர்.

1542-இல் கோவாவுக்கு வந்து, அதே ஆண்டில் முத்துக்குளித்துறைக்குச் சென்றார். அங்கும் பழைய கடுமை தலைகாட்டியது. சாராயம் குடிக்கும் பெண்களைச் சிறையில் அடைக்கும்படி கட்டளையிட்டதும் உண்டு. ஆனால் உடன் உழைத்த மன்சிலாஸ் என்ற துறவிக்கு 1544-இல் எழுதிய கடிதங்களில் திரும்பத் திரும்ப ஒன்றையே வற்புறுத்தினார்: இந்த மக்களிடம் அன்பாயிருங்கள், நல்ல தகப்பன் தவறு செய்யும் பிள்ளைகளைப் பொறுத்துக்கொள்வதுபோல் பொறுத்துக்கொள்ளுங்கள், அவர்கள் உங்களை நேசிக்கும்படி நடந்துகொள்ளுங்கள் என்பதே அது. மன்சிலாஸ் அடிக்கடி பொறுமை இழப்பவர். அவருக்குச் சொன்ன அறிவுரை சவேரியார் தமக்கே சொல்லிக்கொண்டதாகவும் இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

1545-இல் நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறினார். எதிர்க்காற்று கப்பலைத் திருப்பிவிட்டது. எனவே கடற்கரையோரமாக நடந்தே மயிலாப்பூர் வந்துசேர்ந்தார். புனித தோமாவின் கல்லறை ஆலயத்திற்கு அருகில், பங்குத்தந்தை கஸ்பார் கோயெல்லோவின் இல்லத்தில் தங்கினார். (இன்று நாம் காணும் சாந்தோம் பேராலயம் 1896-இல் எழுந்தது, அன்று இருந்தது போர்த்துக்கீசியர் கட்டிய சிறிய கோவில்.) இரவுகளில் தோட்டத்தைக் கடந்துபோய்க் கல்லறையருகே செபித்தார். மலாக்காவுக்கும் அதற்கு அப்பாலுள்ள தீவுகளுக்கும் போவதா என்ற கேள்விக்கு அங்கேதான் விடை கண்டார்.

பகலில் ஊர் மக்களிடம் சென்றார். அப்போது நடந்த ஒரு நிகழ்ச்சியைப் பழைய வரலாற்று நூல்கள் சொல்கின்றன. மயிலையில் வசதியான போர்த்துக்கீசியர் ஒருவர், அடிமைப் பெண்கள் பலரை வீட்டில் வைத்துக்கொண்டு ஊரறியத் தீய வாழ்வு நடத்திவந்தார். ஒருநாள் மதிய உணவு நேரத்தில் சவேரியார் அவர் வீட்டு வாசலில் போய் நின்று, தாமும் உடன் அமர்ந்து சாப்பிடலாமா என்று கேட்டார். அவருக்குத் தர்மசங்கடம். ஆனாலும் மறுக்க முடியவில்லை. அந்தப் பெண்களே உணவு பரிமாறினார்கள். சவேரியார் ஊர் நிலவரம் பேசினார், சாப்பிட்டார், எழுந்தார், நன்றி கூறி விடைபெற்றார். ஒரு வார்த்தை கண்டிக்கவில்லை. இப்போது சொல்வார், இப்போது சொல்வார் என்று எதிர்பார்த்துக் கொண்டிருந்த மனிதருக்கு அந்த மௌனம் தாங்கவில்லை. தம்மைத் திருத்தவே முடியாது என்று கைவிட்டுவிட்டாரோ என்ற அச்சம் பிடித்துக்கொண்டது. நிம்மதி இழந்து, தாமே சவேரியாரைத் தேடிச்சென்று பாவங்களை அறிக்கையிட்டு வாழ்வைத் திருத்திக்கொண்டார். அந்தப் பெண்களின் நிலையைப் பற்றி அந்நூல்கள் பெரிதாகப் பேசாதது ஒரு குறைதான்.

நம் வீடுகளை எண்ணிப் பாருங்கள். தாமதமாக வரும் மகனையும், குடித்துவிட்டு வரும் கணவரையும், மதிப்பெண் குறைந்த மகளையும் நாம் பிடித்துக்கொள்ளும் இடம் பெரும்பாலும் சாப்பாட்டு வேளைதான். ஒரு கையால் சோற்றைப் போட்டுக்கொண்டே சொல்லிக்காட்டுகிறோம். தட்டை விட்டு அவர்கள் பாதியில் எழுந்துபோனால், நல்லதுக்குத்தானே சொன்னேன் என்கிறோம்.

ஜான் எய்ரோ என்ற வணிகரும் மயிலையில்தான் அவரைச் சந்தித்தார். உடைமைகளை ஏழைகளுக்கு விட்டுவிட்டு உடன்வர முன்வந்தவர், மனம் மாறி ஒரு படகு வாங்கி இரகசியமாகக் கிளம்பப் பார்த்தார். சவேரியார் ஆளனுப்பி அவரை அழைத்துவரச் செய்தார். தவறை ஒப்புக்கொண்டபின் விரட்டவில்லை; மலாக்காவுக்கு உடன் அழைத்துச் சென்றார்.

கனிவு என்பது எல்லாவற்றிற்கும் தலையாட்டுவது அன்று. மொலுக்காஸ் தீவுகளுக்குப் போகச் சொல்லியும் கீழ்ப்படியாத மன்சிலாசை 1548-இல் சபையிலிருந்தே விலக்கியவர் சவேரியார். நம் மயிலைக்கும் அவரிடமிருந்து ஒரு கடுமையான கடிதம் வந்தது.

சவேரியார் சென்று சில ஆண்டுகளுக்குப் பின், அல்போன்ஸ் சிப்ரியான் என்ற முதிய இயேசு சபைத் துறவி சாந்தோமில் பணியாற்றினார். கடும் உழைப்பாளி, ஆனால் முன்கோபி. அவ்வூர்ப் பங்குத்தந்தையோடு அவருக்குச் சச்சரவு மூண்டது. செய்தி கோவாவை எட்டியது. 1552 ஏப்ரலில் சவேரியார் அவருக்கு எழுதினார். என் சுபாவமே இப்படித்தான் என்ற சாக்கை அவர் ஏற்கவில்லை. பங்குத்தந்தை தவறே செய்திருந்தாலும், இந்த ஏச்சுகள் அவரைத் திருத்தப்போவதில்லை என்றார். அன்பினாலும் அடக்கத்தினாலும் ஆகாத காரியம் சண்டையினால் ஆகாது என்றார். கடிதத்தைக் கண்டவுடன் பங்குத்தந்தையிடம் போய், இரு முழங்காலும் தரையில் பட விழுந்து மன்னிப்புக் கேட்டு, அவர் கையை முத்தி செய்யும்படி ஆணையிட்டார்.

நம் பங்குப் பேரவைக் கூட்டங்களிலும், அன்பியங்களிலும், பாடகர் குழுக்களிலும் நடக்கும் மனத்தாங்கல்களுக்கு இது அப்படியே பொருந்தும். யார் சொன்னது சரி என்பதில் நாம் மாதக்கணக்கில் நிற்கிறோம். பக்கத்துப் பக்கத்து இருக்கையில் அமர்ந்தும் சமாதானம் கூறும் நேரத்தில் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறோம்.

அந்தக் கடிதம் அதோடு முடியவில்லை. பிறரைக்கொண்டு எழுதுவித்த கண்டனத்தின் கீழே, சவேரியார் தம் கைப்படச் சில வரிகள் சேர்த்தார். எத்தகைய அன்போடு இதை எழுதுகிறேன் என்பது தெரிந்தால் இரவும் பகலும் என்னை நினைத்து அழுவீர். மனிதரின் இதயங்களை இவ்வுலகில் காணமுடியுமானால், சகோதரர் சிப்ரியான், என் உள்ளத்தில் உம்மைத் தெளிவாகக் காண்பீர் என்ற பொருளில் அவ்வரிகள் அமைந்தன. அதட்டி எழுதிய கடிதத்தை அப்படியே அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை.

அதே ஏப்ரலில் சவேரியார் கோவாவிலிருந்து சீனாவை நோக்கிப் புறப்பட்டார். 1552 டிசம்பர் 3-ஆம் நாள் சான்சியன் தீவில், ஒரு குடிசையில், காய்ச்சலால் இறந்தார். அவருக்கு வயது 46. மயிலைக்கு அவர் மீண்டும் வரவே இல்லை.