ஆடு மேய்க்க அழைக்கப்பட்ட நியூற்றன்

குருவிட்டப் பக்கத்துத் தோட்டங்களில், கொழுந்து ஏற்றிய லொறி மேட்டில் புறப்படுவதைப் பார்க்காத பிள்ளைகள் இருக்க மாட்டார்கள். வெறும் லொறி சட்டென்று வேகமெடுக்கும். மூட்டைகள் ஏறியதும் அதே எஞ்சின் முனகி முனகித்தான் நகரும். விசை, திணிவு, ஆர்முடுகல் மூன்றுக்கும் உள்ள உறவு அந்த மேட்டிலேயே தெரிகிறது. ஆனால் சாதாரண தர விஞ்ஞானப் பாடத்தில் அது பெரும்பாலும் மனனம் செய்யும் சமன்பாடாகவே பிள்ளைகளிடம் வந்து சேர்கிறது. அந்தச் சமன்பாட்டோடு பெயர் ஒட்டிக்கொண்டவரோ, பாதியில் பாடசாலையை விட்டு நிறுத்தப்பட்ட ஒரு பையன்.

ஐசக் நியூற்றன், பழைய நாட்காட்டிப்படி 1642 டிசெம்பர் 25 அன்று இங்கிலாந்தின் வூல்ஸ்தோர்ப் கிராமத்தில் பிறந்தார். அதற்கு மூன்று மாதங்களுக்கு முன்பே தந்தை இறந்துவிட்டார். காணி வைத்திருந்த விவசாயிதான். ஆனால் தன் பெயரைக்கூட எழுதத் தெரியாதவர். நியூற்றனுக்கு மூன்று வயதானபோது தாய் மறுமணம் செய்துகொண்டு போக, பாட்டியிடம் வளர்ந்தார். 12 வயதில் பக்கத்து நகரான கிரந்தத்தில் பாடசாலைக்குப் போனார்.

1659 இல், பண்ணையைப் பார்க்க ஆள் வேண்டுமென்று தாய் அவரைத் திருப்பி அழைத்துக்கொண்டார். அந்த வேலையில் அவருக்கு மனம் ஒட்டவில்லை. ஆடுகளைக் கண்டபடி மேயவிட்டதற்காக அவர் அபராதம் கட்டியது ஊர்ப் பதிவேட்டில் இருக்கிறது. தாய்மாமனும் பாடசாலை அதிபர் ஹென்றி ஸ்டோக்ஸும் தாயிடம் பேசியிராவிட்டால் படிப்பு அத்தோடு முடிந்திருக்கும். 1661 இல் கேம்பிரிட்ஜ் திரினிற்றிக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கும் வசதியான மாணவர்களுக்குப் பணிவிடை செய்து படிப்பவராகவே அவரது பெயர் பதியப்பட்டது.

1665 இல் கொள்ளைநோயால் பல்கலைக்கழகம் மூடப்பட, மீண்டும் வூல்ஸ்தோர்ப். கணிதம், ஒளி, இயக்கம் பற்றிய அவரது சிந்தனைகள் அங்கே வேகம் பிடித்தன. 26 வயதில் பேராசிரியரானார். 1687 இல் பிரின்சிப்பியா வெளிவந்தது. அச்சுச் செலவை நண்பர் எட்மண்ட் ஹாலி ஏற்றுக்கொண்டார்.

அந்த நூலில் ஓர் எளிய பரிசோதனை இருக்கிறது. ஒரே அளவான இரண்டு மரப்பெட்டிகள், 11 அடி நீளமான இரண்டு கயிறுகள். ஒரு பெட்டியில் மரத்தையும் மற்றதில் அதே நிறையுள்ள பொன்னையும் வைத்து, இரண்டையும் ஊசலாகத் தொங்கவிட்டு ஆட்டினார். பெட்டிகள் ஒரே அளவு என்பதால் காற்றின் தடையும் ஒன்றுதான். பூமி இரண்டையும் ஒரே விசையோடு இழுக்கிறது. ஒன்றின் திணிவு மற்றதைவிடக் கூடியிருந்தால் அதன் ஆர்முடுகல் குறைந்து, ஆட்டம் பின்தங்கியிருக்கும். பின்தங்கவில்லை, நெடுநேரம் இரண்டும் சேர்ந்தே ஆடின. வெள்ளி, ஈயம், கண்ணாடி, மணல், உப்பு, நீர், கோதுமை ஆகியவற்றையும் வைத்துப் பார்த்தார். விடை மாறவில்லை. திணிவு வேறு, நிறை வேறு. ஆனால் திணிவு கூடும் அளவுக்கே பூமியின் இழுவையும் கூடுகிறது என்பது அந்தக் கயிறுகளில் உறுதியானது.

இன்று நாம் எழுதும் வடிவில் அந்தச் சமன்பாட்டை நியூற்றன் எழுதவில்லை. விசைக்கு ஏற்ப இயக்கம் மாறும் என்றே சொன்னார். 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஒய்லர் அதற்குக் கணித வடிவம் கொடுத்தார். கப்பியின் இருபுறமும் எடைகளைத் தொங்கவிட்டு ஆர்முடுகலை அளக்கும் கருவியை ஜோர்ஜ் அட்வூட் 1784 இல் நூலாக விளக்கினார்.

நியூற்றன் எளிதில் பழகக்கூடியவரல்ல. ஹூக்கோடும் லைப்னிற்ஸோடும் கடைசிவரை பகை. பின்னாளில் அரச நாணயச்சாலையை நடத்தி, 1727 இல் 84 வயதில் காலமானார்.

இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தோட்டப் பாடசாலைகளில் தமிழ்மொழி மூல விஞ்ஞான ஆசிரியர்களுக்கான தட்டுப்பாடு பழைய கதை. ஆய்வுகூடங்களும் அப்படித்தான். அவற்றைக் கேட்டுப் பெற வேண்டியது உரிமை. அதுவரை, ஒரே மாதிரியான இரண்டு போத்தல்களில் விளிம்புவரை ஒன்றில் மணலும் மற்றதில் தண்ணீரும் நிரப்பி, சம நீளக் கயிற்றில் விறாந்தையில் தொங்கவிட்டு ஆட்டிப் பார்க்கலாம். மணல் போத்தலின் பாரம் கூட. ஆனாலும் இரண்டும் சேர்ந்தே ஆடும். ஏன் என்று ஒரு பிள்ளை கேட்டால் பாடம் தொடங்கிவிட்டது. அந்தப் பிள்ளையை வேலைக்கு அனுப்ப வீடு நினைக்கும் நாளில், ஸ்டோக்ஸைப் போல வாசலில் வந்து நின்று பேச ஒரு அதிபர் வேண்டும்.