ராமகிருஷ்ண பரமஹம்சர்: தொண்டைவலியில் தொடங்கிய கடைசி 16 மாதங்கள் - நாம் கவனிக்க வேண்டிய அறிகுறிகள் என்ன?

கோடையில் தொண்டை கரகரத்தால் நாம் என்ன செய்வோம்? உப்புத் தண்ணீரில் கொப்பளிப்போம், ரெண்டு நாளில் சரியாயிடும் என்று விட்டுவிடுவோம். 1885 ஏப்ரலில் ராமகிருஷ்ண பரமஹம்சருக்கு வலி வந்தபோது, அவரைச் சுற்றியிருந்தவர்களும் ஏறக்குறைய அப்படித்தான் நினைத்தார்கள். அப்போது அவருக்கு வயது 49.

யார் இவர்?

வங்காளத்தின் காமார்புகூர் கிராமத்தில் 1836 பிப்ரவரி 18 அன்று பிறந்தவர். இயற்பெயர் கதாதர். ராணி ராஸ்மணி கட்டிய தட்சிணேஸ்வரம் காளி கோயில் 1855-ல் திறக்கப்பட்டபோது, அண்ணன் ராம்குமாருடன் அங்கே வந்தார். அண்ணன் இறந்த பிறகு பூசாரி பொறுப்பு இவருக்கு வந்தது. 1859-ல் சாரதா தேவியுடன் திருமணம்.

அவர் பெரிதாக எதையும் எழுதி வைக்கவில்லை. பேச்சும் பாட்டும்தான் அவருடைய வழி. நரேந்திரன் என்ற கல்லூரி மாணவர், பின்னாளின் விவேகானந்தர், தேடி வந்ததும் அந்தப் பேச்சைக் கேட்கத்தான். நோய் தாக்கியதும் அதே தொண்டையைத்தான்.

தொண்டைவலி எப்படிப் புற்றுநோயானது?

அதிகம் பேசுவதால் வரும் தொண்டைப்புண் என்றே முதலில் கருதப்பட்டது. பேச்சைக் குறைக்கச் சொன்னார்கள். ஆனால் தேடி வந்தவர்களிடம் பேசாமல் இருக்க அவரால் முடியவில்லை. பானிஹாட்டி வைணவத் திருவிழாவுக்குப் போய் ஆடிப் பாடித் திரும்பிய பிறகு வலி கூடியது. சில மாதங்களில் தொண்டையிலிருந்து ரத்தம் வந்தது.

சிகிச்சைக்காக அவரைக் கல்கத்தாவின் ஷியாம்புகூருக்கு அழைத்து வந்தார்கள். அங்கே அவரைக் கவனித்தவர் டாக்டர் மகேந்திரலால் சர்க்கார். 1876-ல் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தை நிறுவியவர் இவர்தான். பிற்காலத்தில் சி.வி. ராமன் தன் புகழ்பெற்ற ஆய்வைச் செய்தது அந்தக் கழகத்தில்தான்.

நோய் புற்றுதான் என்பது தெளிவானது. 1885 டிசம்பரில், நல்ல காற்றுக்காகக் காசிப்பூர் தோட்ட வீட்டுக்கு மாற்றினார்கள். விழுங்க முடியாமல் போனதால் கஞ்சிதான் உணவு. உடல் மெலிந்தது. சாரதா தேவி சமைத்துக் கொடுக்க, இளம் சீடர்கள் முறை போட்டுப் பார்த்துக்கொண்டார்கள்.

இது ஒட்டிக்கொள்ளுமோ என்ற பயம் சீடர்களிடையே எழுந்தது. அவர் குடித்து மிச்சம் வைத்த கஞ்சியை நரேந்திரன் எல்லோர் முன்னாலும் குடித்து அந்தப் பயத்தைப் போக்கினார் என்கின்றன வாழ்க்கை வரலாறுகள். மருத்துவம் இன்று சொல்வதும் அதுதான்: புற்றுநோயாளியுடன் சேர்ந்து சாப்பிடுவதால் புற்றுநோய் தொற்றாது.

1886 ஆகஸ்ட் 16 அன்று அவர் காலமானார்.

முன்பே கண்டுபிடித்திருந்தால்?

பெரிதாக ஏதும் மாறியிருக்காது. எக்ஸ்-ரே கண்டுபிடிக்கப்பட்டது 1895-ல், ரேடியம் 1898-ல். கதிர்வீச்சு சிகிச்சை என்பதே அன்று கிடையாது. குரல்வளையை முழுதாக அகற்றும் அறுவை சிகிச்சை வியன்னாவில் முதன்முதலாக நடந்ததே 1873-ல்தான்.

இன்று அப்படியில்லை. குரல்நாணில் வரும் புற்றைத் தொடக்கத்திலேயே கண்டுபிடித்தால் 10-ல் ஏறக்குறைய 9 பேரைக் குணப்படுத்த முடியும். ஆனாலும் இந்தியாவில் தலை, கழுத்துப் புற்றுநோயாளிகளில் பாதிக்கும் மேற்பட்டோர் நோய் முற்றிய பிறகுதான் மருத்துவமனைக்கு வருகிறார்கள். அன்று இல்லாதது சிகிச்சை. இன்று வீணாவது நேரம்.

எதையெல்லாம் கவனிக்கணும்?

- 3 வாரங்களுக்கு மேல் நீடிக்கும் குரல் கரகரப்பு அல்லது தொண்டைவலி
- விழுங்கும்போது வலி, சிரமம்
- கழுத்தில் புதிதாகக் கட்டி
- ஒரு பக்கக் காதில் மட்டும் தீராத வலி
- எச்சிலில் ரத்தம், காரணமில்லாத எடை குறைவு

இவற்றில் ஒன்று இருந்தாலும் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். பெரும்பாலும் அது புற்றாக இருக்காது. ஆனால் அதைப் பரிசோதனைதான் சொல்ல வேண்டும், நாமாக முடிவு செய்யக் கூடாது.

யாருக்கு ஆபத்து அதிகம்?

புகையிலையும் மதுவும் முக்கியக் காரணங்கள். இரண்டும் சேர்ந்தால் ஆபத்து பல மடங்கு. எச்.பி.வி. வைரஸும் ஒரு காரணம். பரமஹம்சருக்கு ஹூக்கா புகைக்கும் பழக்கம் இருந்ததை அவருடன் பழகியவர்களின் பதிவுகளே காட்டுகின்றன. ஆனால் ஒருவருக்கு வந்த புற்றுக்கு ஒரே காரணத்தைக் கைகாட்டுவது சரியல்ல.

தைராய்டு புற்றும் இதுவும் ஒன்றா?

இல்லை. தைராய்டு என்பது கழுத்தின் முன்பக்கம், குரல்வளைக்குக் கீழே உள்ள சுரப்பி. அங்கே வரும் கட்டி விழுங்கும்போது மேலும் கீழும் அசையும். அதில் வரும் புற்று பெண்களுக்கே அதிகம். சிறுவயதில் கழுத்தில் பட்ட கதிர்வீச்சும், குடும்பத்தில் யாருக்காவது இருந்திருப்பதும் ஆபத்தைக் கூட்டும். தைராய்டு கட்டிகளில் பெரும்பாலானவை புற்று அல்ல; ஸ்கேனும் ஊசிப் பரிசோதனையும் தெளிவாக்கிவிடும். குரல் மாற்றம், விழுங்கச் சிரமம் ஆகியவை இரண்டுக்கும் பொதுவான எச்சரிக்கைகள்.

அதனால் தொண்டைவலி தொடங்கிய தேதியை நினைவில் வையுங்கள். 3 வாரம் தாண்டினால் வீட்டு வைத்தியத்தை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள்.