ஹல் இல்லத்தின் அன்னை ஜேன் ஆடம்ஸ்

பள்ளி வாயிலில் தன் தாயைக் கண்டதும் முகம் மலர ஓடிவரும் பெண்ணும் உண்டு. தோழியர் பார்த்துவிடுவார்களோ என்று அஞ்சி மெல்ல ஒதுங்கிக்கொள்ளும் பெண்ணும் உண்டு. தாயின் பழைய சேலையும், நாட்டுப்புறப் பேச்சும், உழைத்துக் காய்த்துப்போன கைகளும் படித்த மகளுக்குச் சில வேளைகளில் வெட்கத்தைத் தருகின்றன. இக்குறை இன்று நேற்றுத் தோன்றியதன்று. நம் நாட்டிற்கு மட்டும் உரியதுமன்று. நூறு ஆண்டுகளுக்கு முன்னரே அமெரிக்க நாட்டின் சிக்காகோ நகரில் இதனைக் கண்டு மனம் வருந்தி, கலையையும் கைத்தொழிலையும் கொண்டே அதற்கு மருந்து தேடிய பெருமாட்டி ஒருவர் வாழ்ந்தார். அவரே ஜேன் ஆடம்ஸ் அம்மையார்.

இளமைப் பருவம்

இல்லினாய் மாநிலத்தில் சீடர்வில் என்னும் சிற்றூரில் 1860 ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 6 ஆம் நாள் ஜேன் பிறந்தார். தந்தை ஜான் ஆடம்ஸ் மாவு ஆலை நடத்தியவர். மாநில மேலவை உறுப்பினர். ஆபிரகாம் லிங்கனின் நண்பர். ஜேன் இரண்டு வயதுக் குழந்தையாய் இருக்கும்போதே அன்னை மறைந்தார். முதுகெலும்பைத் தாக்கிய காசநோயால் குழந்தையின் முதுகும் சற்றே வளைந்தது.

தாயற்ற அச்சிறுமிக்குத் தந்தையே உலகம். ஆயினும் அவள் உள்ளத்தில் ஒரு துயரம் குடிகொண்டிருந்தது. கம்பீரமான தந்தையின் அருகே அழகற்ற தான் நடந்து சென்றால், காண்போர் அவரை இகழ்வார்களே என்று அவள் எண்ணினாள். அதனால் சில ஞாயிற்றுக்கிழமைகளில் தந்தையை விட்டு விலகி, சிற்றப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடப்பாள். ஒரு நாள் பக்கத்து நகரின் கடைவீதியில் வங்கியிலிருந்து வெளியே வந்த தந்தை எதிரே மகளைக் கண்டார். உடனே தம் பட்டுத் தொப்பியைக் கழற்றி, பெரிய மனிதர்களுக்குச் செய்வதுபோல் அனைவரும் காண அவளுக்குத் தலை தாழ்த்தி வணக்கம் செலுத்தினார். சிறுமியின் மனப்பாரம் அன்றே கரைந்தது. இந்நிகழ்ச்சியை அம்மையார் தம் சுயசரிதையில் மறவாமல் எழுதியிருக்கிறார்.

ஸ்மித் கல்லூரியில் சேர்ந்து பட்டம் பெற ஜேன் விரும்பினார். தந்தையோ அருகிலிருந்த ராக்ஃபோர்டு மகளிர் கல்விச்சாலைக்கே அனுப்பினார். அங்கு 1881 இல் படிப்பை முடித்தார். அதே ஆண்டு கோடையில் தந்தை காலமானார். பின்னர் பிலடெல்பியாவில் மருத்துவம் படிக்கச் சென்றவரை முதுகு நோய் மீண்டும் படுக்கையில் தள்ளியது. மருத்துவராகும் கனவு கலைந்தது. படிப்பும் பணமும் இருந்தும் தம்மால் எவருக்கும் பயனில்லையே என்ற ஏக்கத்தில் ஆண்டுகள் பல கழிந்தன.

ஐரோப்பியப் பயணத்தின்போது, லண்டன் மாநகரின் கிழக்குப் பகுதியில் ஒரு சனிக்கிழமை நள்ளிரவில், அழுகிய காய்கறிகளை ஏலத்தில் எடுக்க ஏழைகள் நீட்டிய வெறுங்கைகளைக் கண்டார். அக்கைகள் அவர் கண்ணை விட்டு அகலவில்லை. 1888 இல் அதே பகுதியில் டாயின்பீ மன்றத்தைப் பார்த்தார். படித்த இளைஞர்கள் ஏழைகளின் நடுவே குடியிருந்து பணி செய்த இடம் அது. தாம் செய்யவேண்டியது யாது என்பது அவருக்கு விளங்கிற்று.

ஹல் இல்லம்

1889 செப்டம்பர் 18 இல், தோழி எல்லன் கேட்ஸ் ஸ்டாருடன் சிக்காகோவின் ஹால்ஸ்டட் தெருவில் ஒரு பழைய மாளிகையில் குடியேறினார். சார்லஸ் ஹல் என்பவர் 1856 இல் கட்டிய வீடாதலின் அது ஹல் இல்லம் எனப்பட்டது. இத்தாலியர், ஜெர்மானியர், அயர்லாந்தினர், பொஹீமியர், போலந்து ருஷிய நாடுகளின் யூதர், கிரேக்கர் எனப் பலரும் பிழைப்புத் தேடி வந்து அச்சுற்றுப்புறத்தில் நெருங்கி வாழ்ந்தனர். மொழி வேறு, உணவு வேறு, வழிபாடு வேறு. ஒரு தெருவார் மறு தெருவாரை ஐயத்தோடு பார்த்தனர். நகரத்தாரோ அனைவரையுமே இகழ்ந்து பார்த்தனர்.

குழந்தைகள் பள்ளி, வேலைக்குச் செல்லும் தாய்மாரின் பிள்ளைகளுக்குக் காப்பகம், மாலை வகுப்புகள் என ஒவ்வொன்றாய்த் தொடங்கின. தெருவில் குப்பை மலைபோல் குவிந்தபோது, 1895 இல் அம்மையாரே வட்டாரத்தின் குப்பை மேற்பார்வையாளர் பதவியை ஏற்று, விடியற்காலையில் குப்பை வண்டிகளின் பின்னே சென்றார்.

தொடக்கத்தில் அவரும் தவறு செய்யாமலில்லை. ஏழைகளின் உடல்நலம் கருதி, சத்துக் குறையாத உணவை அறிவியல் முறைப்படி சமைத்து விற்கும் சமையற்கூடம் ஒன்றைத் திறந்தார். அண்டை வீட்டார் அதனை விரும்பவில்லை. சத்து இருக்கிறதென்பதற்காக உண்பதைவிடத் தனக்குப் பிடித்ததை உண்பதே மேல் என்று ஒரு பெண்மணி வெளிப்படையாகவே சொல்லிவிட்டாள். அம்மையார் சினம் கொள்ளவில்லை, பாடம் கற்றார். கொடுப்பவர் ஒருவர், பெறுபவர் மற்றவர் என்ற நிலை இருக்கும்வரை உறவு மலராது. அவர்களிடம் ஏற்கனவே இருக்கும் செல்வத்தை வெளிக்கொணர வேண்டும் என்று உணர்ந்தார்.

கலை செய்த பாலம்

1891 இல் ஓவியக்கூடமும், 1893 இல் எலினார் ஸ்மித் தலைமையில் இசைப்பள்ளியும் எழுந்தன. நாடக மேடையும் வந்தது. அண்டையில் வாழ்ந்த கிரேக்கர்கள் 1899 இல் ஒடிசியஸ் நாடு திரும்பிய கதையையும், 1903 இல் சோஃபக்ளீஸின் அயாக்ஸ் நாடகத்தையும் நடித்தனர். தெருவில் பழம் விற்பவர்கள் என்று மட்டும் தங்களை அறிந்திருந்த நகரத்தாரின் கண்முன், உயர்ந்த கலையின் வாரிசுகளாக அவர்கள் நின்றார்கள்.

1900 ஆம் ஆண்டு தொடங்கிய உழைப்புக் காட்சியகம் இவை யாவற்றிலும் சிறந்தது. ஒரு நாள் தெருவோரத்தில் இத்தாலிய மூதாட்டி ஒருத்தி கைக்கதிரைச் சுழற்றி நூல் நூற்பதை அம்மையார் கண்டார். அதுவே வித்தாயிற்று. ஹல் இல்லத்தின் ஓர் அறையில் சிரியா, கிரேக்கம், இத்தாலி, ருஷியா, அயர்லாந்து நாட்டுப் பெண்கள் தத்தம் முறைப்படி நூற்றுக் காட்டினர். கைக்கதிரிலிருந்து இராட்டையும், இராட்டையிலிருந்து ஆலை இயந்திரமும் பிறந்த வரலாறு அங்கே உயிரோடு விளங்கியது. ஆங்கிலம் அறியாத தாய்மார் அங்கே ஆசிரியைகள் ஆயினர்.

ஆஞ்சலினா என்னும் இத்தாலியப் பெண் ஹல் இல்லத்தில் சமையல் வகுப்புக்கு வருவாள். அவள் தாய் அதே நேரத்தில் காட்சியகத்தில் நூற்க வருவாள். தலையில் முக்காடும் கனத்த காலணியும் குட்டைப் பாவாடையுமாய் வரும் தாயோடு சேர்ந்து நுழைய மகள் நாணினாள். தாய் ஒரு வாசலில் நுழைய, மகள் மற்றொரு வாசலைத் தேடிப் போவாள். ஒரு நாள் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த பார்வையாளர்கள் அத்தாயைச் சூழ்ந்து நின்று, அவள் கைத்திறனை வியந்து போற்றுவதை ஆஞ்சலினா கண்டாள். தன் தாய்தான் அமெரிக்கா முழுவதிலும் சிறந்த நூற்பாளியா என்று அம்மையாரிடம் கேட்டாள். இத்தாலியக் கிராமத்தின் திறந்த வெளியில் பெண்களோடு கூடி நூற்று மகிழ்ந்த தாய், பிள்ளைகளுக்காக அவ்வாழ்வைத் துறந்து நெருக்கடியான நகரில் வந்து படும் பாட்டை அம்மையார் அவளுக்கு எடுத்துரைத்தார். அதன்பின் கட்டிலடிப் பெட்டியில் ஒளித்து வைத்திருந்த கைநூல் ஆடைகள் வெளியே வந்தன. மகளும் தாய் நுழையும் வாசலிலேயே நுழைந்தாள். தந்தைக்கு இழுக்கு நேருமென்று அஞ்சி விலகி நடந்த சிறுமியல்லவா இவர்! நாணத்தின் வேதனையை அறிந்த நெஞ்சமே அதனைத் துடைக்கவும் அறிந்திருந்தது.

ஹல் இல்லம் 13 கட்டடங்களாக வளர்ந்தது. பென்னி குட்மன் என்னும் புகழ்பெற்ற கிளாரினெட் கலைஞர் சிறுவனாய் இங்குள்ள வாத்தியக் குழுவில் வாசித்தவர். 1927 இல் தொடங்கிய மட்பாண்டச் சூளையில் மெக்சிகோ நாட்டினர் தம் கைவண்ணத்தைக் காட்டினர். இங்கு நீவா பாய்டிடம் விளையாட்டு முறைகளைக் கற்ற வயோலா ஸ்போலின், பிற்காலத்தில் நாடகப் பயிற்சி விளையாட்டுகளை வகுத்து உலகப் புகழ் பெற்றார்.

குறையையும் மறைத்தல் ஆகாது. ஐரோப்பியக் குடியேறிகளுக்குத் திறந்த அளவு ஹல் இல்லத்தின் கதவு கறுப்பின மக்களுக்கு விரைவில் திறக்கவில்லை. 1901 இல் கறுப்பினத்தார் மீது நடந்த கும்பல் கொலைகளைக் கண்டித்து எழுதியபோதும், கொலையுண்டோர் குற்றவாளிகளாய் இருக்கலாம் என்ற எண்ணத்தை அம்மையார் ஒதுக்கவில்லை. அத்தவற்றை ஐடா வெல்ஸ் என்னும் கறுப்பினப் பெண்மணி அச்சிலேயே எடுத்துக்காட்டினார். 1909 இல் கறுப்பினத்தாரின் உரிமைக்காகத் தேசியச் சங்கம் தொடங்க அழைப்பு விடுத்தோருள் ஆடம்ஸும் ஒருவரானார்.

தூற்றலும் போற்றலும்

முதல் உலகப் போரின்போது, 1915 இல் ஹேக் நகரில் கூடிய மகளிர் மாநாட்டுக்கு அவர் தலைமை தாங்கினார். பகை நாட்டு மக்கள் பலரும் அவருக்கு அண்டை வீட்டாராய் இருந்தவர்களின் உறவினரல்லவா? போர் வேண்டாம் என்றார். நாடே அவரைத் தூற்றியது. புகழ்ந்த பத்திரிகைகள் பழித்தன. அவர் தம் கொள்கையை விடவில்லை. 1931 இல் அமைதிக்கான நோபல் பரிசில் பாதி அவருக்குக் கிடைத்தது. அப்பரிசு பெற்ற முதல் அமெரிக்கப் பெண்மணி அவரே. நோயுற்றிருந்தமையால் நேரில் சென்று பெற இயலவில்லை.

1935 மே 21 இல் அவர் மறைந்தபோது, ஹல் இல்லத்தின் முற்றத்தில் பல மொழி பேசும் மக்கள் திரண்டு இறுதி மரியாதை செலுத்தினர். 1960களில் பல்கலைக்கழகம் அமைக்கப் பெரும்பாலான கட்டடங்கள் இடிக்கப்பட்டன. பழைய மாளிகையும் உணவுக்கூடமும் அருங்காட்சியகமாய் நிற்கின்றன. அவர் பணியைத் தொடர்ந்த சங்கம் 2012 இல் மூடப்பட்டது.

அன்புத் தோழியரே! நம் வீடுகளிலும் எழுத்தறியாத கைகள் இருக்கின்றன. பாய் முடைய, கோலமிட, தாலாட்ட அறிந்த கைகளும் குரல்களும் அவை. அடுத்த பெற்றோர் விழாவில் அவர்களை ஒரு மூலையில் அமர்த்தாமல், நமக்குக் கற்றுத்தரும்படி மேடைக்கு அழைப்போம். அவர்களின் கைபிடித்து, முன்வாசல் வழியாகவே உள்ளே வருவோம்.