வால்ட் டிஸ்னி

1901-ஆம் வருஷம் சிக்காகோ நகரில் பிறந்த வால்ட் டிஸ்னியை, மிக்கி எலியைச் சிருஷ்டித்தவர் என்றே உலகம் அறியும். பாலருக்குப் போதிக்கும் படங்களும் அவர் எடுத்தார் என்பதைப் பலர் அறியார். 1922-இல், கான்ஸாஸ் நகரில் வறுமையோடு போராடிய நாளிலேயே, ஒரு பல் வைத்தியருக்காகப் பல் சுத்தத்தைப் பற்றிப் படமெடுத்துக் கொடுத்தார். 1943-இல், யுத்த மத்தியில், மலேரியாக் கொசுவைப் பற்றிய சித்திரப்படம் வெளிவந்தது.

1941-இல் தம் சித்திரக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது அவர் காட்டிய கடுமையை நாம் ஆதரிப்பதற்கில்லை. ஆயினும், தாய்மார் பலர் மகளிடம் சொல்லவே கூசிய விஷயத்தை 1946-இல் அவருடைய கம்பெனி துணிந்து கையாண்டது. மாதவிடாயின் கதை என்ற அந்தச் சித்திரப்படம் பத்து நிமிஷமே ஓடும். கருப்பையின் தொழிலை அது வரைந்து காட்டிற்று. அந்நாட்களில் குளிக்கலாகாதென்ற மூட நம்பிக்கையையும் மறுத்தது. அமெரிக்கப் பள்ளிக்கூடங்களில் பெண்கள் பல வருஷங்கள் இதைக் கண்டனர்.

பணம் கொடுத்தது சானிட்டரி நாப்கின் விற்ற கம்பெனி. உதிரத்தைச் சிவப்பாகக் காட்டவும் துணிவில்லை, வெண்ணிறமாகவே தீட்டினர். இவை குறைகளே. ஆனால் சர்க்கார் செய்திருக்க வேண்டிய வேலையை ஒரு வியாபாரி செய்ய நேர்ந்தது யார் குற்றம்?

டிஸ்னி 1966 டிசம்பர் 15-இல் காலமானார். இப்படத்தை 2015-இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூல்நிலையம் பாதுகாக்கத்தக்க தேசியப் படங்களின் வரிசையில் சேர்த்தது.